பத்துப் பாகை

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. அதன் பின்புறத்திலிருந்து சாம்பல் நிறக் குழாய் ஒன்று சுவரை ஒட்டியபடி சமையலறைப் பக்கம் செல்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் முதலில் மீன்களைப் பார்த்து வியப்பார்கள். பிறகு அந்தக் குழாயைப் பார்த்து, "இது எதற்கு?" என்று கேட்பார்கள். "தண்ணீர் மாற்றுவதற்கு" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். அந்தக் குழாய் எப்படி வந்தது என்ற கதையை எல்லாரிடமும் சொல்வதில்லை. அதில் நான் செய்த தவறு ஒன்றும், சொன்ன பொய் ஒன்றும் இருக்கின்றன.

நாங்கள் கேமரன் மலையில், தானா ராத்தாவில் வசிக்கிறோம். இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்கள் விசிறியைச் சுழலவிட்டுத் தூங்கும் நேரத்தில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டிருப்போம். காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவினால் உடல் சிலிர்க்கும். வெயில் சுடும் ஊர்களில் மீன் வளர்ப்பவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. எங்கள் குழாய்த் தண்ணீர் மீன்களுக்குக் குளிரும்.

நான் படிவம் இரண்டில் படித்தபோது டிஸ்கஸ் மீன்கள்மேல் எனக்குப் பெரும் ஆசை வந்தது. தட்டைப் போன்ற வட்டமான உடல், செந்நிறக் கண்கள், அவசரமே இல்லாத நீச்சல். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை அவற்றின் தாயகம். வெதுவெதுப்பான நீரில் வாழப் பழகிய அவற்றுக்குத் தண்ணீர் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஏழு மாதங்கள் சேமித்த பணத்தோடு தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையும் சேர்த்து, ஈப்போவிலிருந்த ஒரு கடையில் ஐந்து இளம் மீன்களை வாங்கினேன். மலைப்பாதையில் வரும்போது குளிர் தாக்காதிருக்க, கடைக்காரர் அவற்றை நெகிழிப் பைகளில் இட்டு, நுரைப்பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்தார். "பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடு, தம்பி. உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும். இந்த மீனுக்குத் திடீர் மாற்றம் ஆகாது" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். ஆகவே, நான் பின்னால் செய்த தவற்றுக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீன்களுக்கு நஞ்சு. தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனாலும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்க எளிய வழி, பழைய தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான். எங்கள் தொட்டியில் ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரந்தோறும் அதில் 50 லிட்டரை மாற்ற வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். ஒன்பது லிட்டர் வாளியில் ஆறு முறை பழைய தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பிறகு ஆறு வாளி புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வாளியிலும் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து, அடுப்பில் காய்ந்த வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, வெப்பமானியால் 29 பாகையா என்று பார்த்து, தரையில் சிந்தாமல் தூக்கி வந்து ஊற்ற வேண்டும். இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல் மாதம் அதை மகிழ்ச்சியோடு செய்தேன். இரண்டாம் மாதம் கடமைக்குச் செய்தேன். மூன்றாம் மாதம் இரண்டு வாரங்கள் தள்ளிப்போட்டேன்.

அன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குத் திடலில் காற்பந்து ஆட்டம் இருந்தது. மூன்று மணிக்குத்தான் மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் விட்டதை ஈடுகட்டலாம் என்று எண்ணிப் பாதித் தண்ணீரை ரப்பர் குழாயால் வெளியேற்றினேன். தண்ணீர் குறையும்போது வெப்பமூட்டி வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடலாம். அதனால் அதன் விசையை அணைத்து வைத்தேன். அதுவரை சரிதான். வெந்நீர் காய்ச்ச நேரமில்லை. மருந்தை மட்டும் கலந்து, குழாய்த் தண்ணீரை அப்படியே வாளி வாளியாக ஊற்றினேன். 'கொஞ்ச நேரத்தில் தானாகச் சூடாகிவிடும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திடலுக்கு ஓடினேன். வெப்பமூட்டியை மீண்டும் முடுக்கிவிட மறந்துபோனேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது ஐந்து மீன்களும் தொட்டியின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன. உடல் கறுத்து, துடுப்புகள் மடங்கி, செவுள்கள் வேகமாக அசைந்துகொண்டிருந்தன. வெப்பமானி 23 பாகையைக் காட்டியது. பதறிப்போய் வெப்பமூட்டியை முடுக்கினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரவு இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தேன். விடிந்தபோது இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

தாத்தாதான் முதலில் கேட்டார். "என்ன தம்பி, மீன் செத்துப்போச்சா?"

"கடையிலேயே நோய் இருந்திருக்கும், தாத்தா" என்றேன்.

தாத்தா எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரம் பழுதுபார்ப்பவராக வேலை செய்தவர். குரலை உயர்த்திப் பேசமாட்டார். தொட்டி அருகே சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு, "நேற்று அடுப்பில் வெந்நீர்ப் பானையே ஏறவில்லையே, தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வா" என்றார்.

மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். தொட்டித் தண்ணீர் 29 பாகை. குழாய்த் தண்ணீரை அளந்தோம்; 19 பாகை. இடையே பத்துப் பாகை வித்தியாசம். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தால் 24 பாகை. அதாவது, சில நிமிடங்களில் ஐந்து பாகை இறங்கியிருக்கிறது. வெப்பமூட்டி அணைந்திருந்ததால் குளிர்ந்த அறையில் மேலும் ஒரு பாகை போயிருக்கிறது. 160 லிட்டர் தண்ணீரை ஆறு பாகை சூடாக்க 300 வாட் வெப்பமூட்டிக்கு எவ்வளவு நேரமாகும் என்று அறிவியல் பாடத்தில் படித்த வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டேன். வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்! 'கொஞ்ச நேரத்தில் தானாகச் சூடாகிவிடும்' என்று நான் சொல்லிக்கொண்டதற்கு விடை அந்தத் தாளில் இருந்தது. நம் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும். மீனின் உடல் அப்படியன்று. தண்ணீர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு அதுவும் குளிரும். விலகிப் போக அதற்கு வேறிடமும் இல்லை.

"தேயிலையை உலர்த்தும் இயந்திரத்தில் சூடு கூடினால் இலை கருகும், குறைந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்" என்றார் தாத்தா. "அந்த வெப்பமானியைப் பார்க்க நான் ஒருநாளும் சோம்பியதில்லை. நான் நல்லவன் என்பதால் இல்லை. அது என் கண்ணுக்கு நேராக இருந்தது, அதனால்தான். கடினமான வேலையை மனிதன் என்றாவது ஒருநாள் தள்ளிப்போடுவான். நீ இனிமேல் ஒழுங்காகச் செய்வாய் என்று நம்புகிறேன். ஆனாலும், ஒழுங்காகச் செய்வதே எளிது என்று ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது."

அப்படித்தான் எங்கள் குழாய் வேலை தொடங்கியது.

முதலில் எனக்குத் தோன்றியது குளியலறை வெந்நீர்க் கருவி. அதிலிருந்து வரும் வெந்நீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து நேராகத் தொட்டிக்கு அனுப்பினால் என்ன? தாத்தா மறுக்கவில்லை. "செய்து பார்" என்றார். கலந்து வந்த தண்ணீரை வாளியில் பிடித்து வெப்பமானியை வைத்தேன். 29 பாகை! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்தில் அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தார். குளிர்நீரின் வேகம் குறைந்தது. வெப்பமானி 36 பாகைக்கு ஏறியது. அம்மா குழாயை மூடியதும் மீண்டும் இறங்கியது. தாத்தா சிரித்துக்கொண்டே, "மீன் குளிக்கும்போது வீட்டில் யாரும் பாத்திரம் கழுவக்கூடாது போலிருக்கிறதே" என்றார். மேலும், சாதாரணப் பிவிசி குழாய் 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்காமல் இளகும் என்பதையும் சொன்னார். அந்தத் திட்டத்தை அதோடு கைவிட்டோம்.

இரண்டாம் திட்டம் தாத்தாவுடையது. தண்ணீரை ஓடும்போது சூடாக்க வேண்டாம்; ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்து, பொறுமையாகச் சூடாக்கி, பிறகு அனுப்பலாம். பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் காலிப் பீப்பாய்கள் இலவசமாகவே கிடைத்தன. தாத்தா அவற்றைத் தொடவிடவில்லை. "பூச்சிமருந்து இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது" என்று சொல்லி, கடையில் 80 லிட்டர் கொள்ளும் புதிய பீப்பாய் ஒன்றை மூடியுடன் வாங்கினார். அதைச் சமையலறையின் பின்புறத் தாழ்வாரத்தில் வைத்தோம். குளிர் தாக்காதபடி, ஸ்ட்ராபெரி அனுப்பப் பயன்படும் நுரைப்பெட்டிகளை வெட்டிச் சுற்றிலும் கட்டினோம்.

வீட்டுக் குழாயிலிருந்து பீப்பாய்க்கு ஓர் இணைப்புக் கொடுத்தோம். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போன்ற மிதவை வால்வு ஒன்றை உள்ளே பொருத்தினோம். தண்ணீர் 60 லிட்டர் அளவுக்கு ஏறியதும் மிதவை மேலெழுந்து வரத்தை நிறுத்திவிடும். பீப்பாய்க்குள் 200 வாட் வெப்பமூட்டி ஒன்றும், காற்றுக் குமிழிகளை எழுப்பும் கல் ஒன்றும், சிறிய பம்பு ஒன்றும் இருந்தன. 60 லிட்டரை 19 பாகையிலிருந்து 29 பாகைக்குக் கொண்டுவரக் குறைந்தது மூன்றரை மணி நேரம் ஆகும் என்று இம்முறை முன்கூட்டியே கணக்கிட்டிருந்தேன். முதல் நாள் மாலையில் முடுக்கிவிட்டால் மறுநாள் காலையில் தண்ணீர் தயாராக இருக்கும். குடிநீரைத் தூய்மையாக்கச் சேர்க்கும் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். காற்றோட்டம் கொடுத்து ஒரு நாள் வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால், சிங்கப்பூர் போன்ற இடங்களில் குளோரமின் சேர்க்கிறார்கள். அது அவ்வாறு எளிதில் போகாது. ஆகவே, மருந்து கலக்கும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

பம்பிலிருந்து தொட்டிவரை அரை அங்குலப் பிவிசி குழாயைச் சுவரோடு பொருத்தினோம். அளந்து வெட்டுவது, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பது, பசை தடவி ஒரு கால் திருப்புத் திருப்பி அழுத்திப் பிடிப்பது என ஒவ்வொன்றையும் தாத்தா எனக்குச் செய்து காட்டினார். பிறகு என்னையே செய்யவிட்டார். முதல் இணைப்பில் பசை போதாமல் தண்ணீர் கசிந்தது. அறுத்தெடுத்துவிட்டு மீண்டும் செய்தேன். மின்சார வேலையை மட்டும் நாங்கள் தொடவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் விசையைப் பொருத்திக் கொடுத்தார். தண்ணீர் கம்பி வழியே ஓடிவந்து மின்செருகியை நனைக்காமல் இருக்க, ஒவ்வொரு கம்பியையும் செருகிக்குக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்ற வேண்டும் என்பதையும் அவரிடம் கற்றேன்.

பழைய தண்ணீரை வெளியேற்றும் குழாயில்தான் தாத்தாவின் அனுபவம் தெரிந்தது. தொட்டியில் தண்ணீர் 40 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். வெளியேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 12 சென்டிமீட்டர் கீழே நிலையாகப் பொருத்தச் சொன்னார். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கியதும் குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஓட்டம் தானாக நின்றுவிடும். 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஆழம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 49 லிட்டர். இனி நானே விரும்பினாலும் அந்தக் குழாய் வழியே பாதித் தண்ணீரை வெளியேற்ற முடியாது! குழாயின் மறுமுனை சன்னல் வழியாக அம்மாவின் கீரைப் பாத்திக்குச் சென்றது. மீன்களுக்கு வேண்டாத நைட்ரேட் கீரைக்கு உரமாயிற்று.

எல்லாம் முடிந்த இரவு முதல் வெள்ளோட்டம் பார்த்தோம். தண்ணீர் அழகாக ஏறித் தொட்டியில் விழுந்தது. பம்பை நிறுத்திவிட்டு மகிழ்ச்சியோடு படுக்கப் போனேன். சிறிது நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டு ஓடினேன். தாழ்வாரம் முழுவதும் வெள்ளம். பம்பு நின்றதும், தொட்டிக்குள் மூழ்கியிருந்த குழாய் முனை வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கியிருக்கிறது. கீழே இருந்த பீப்பாயில் அந்நேரம் மிதவை வால்வு வழியே புதுத் தண்ணீரும் நிறைந்துகொண்டிருந்ததால், இரண்டும் சேர்ந்து வழிந்துவிட்டன. இம்முறை நான் எதையும் மறைக்கவில்லை. "தாத்தா, குழாய் முனையைத் தண்ணீருக்குள் விட்டது என் தவறு" என்று உடனே சொன்னேன். தாத்தா துளையிடும் கருவியை எடுத்து வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, குழாயில் 3 மில்லிமீட்டர் அளவில் சிறு துளை ஒன்று போட்டார். பம்பு நின்றதும் அத்துளை வழியே காற்று நுழையும். பின்னோக்கி இழுக்கும் ஓட்டம் அறுந்துபோகும். இத்தனை பெரிய தொல்லைக்கு அவ்வளவு சிறிய தீர்வு. மிதவை வால்வுக்கு முன்னால் மூடித் திறக்கும் குழாய் ஒன்றையும் சேர்த்தோம். தண்ணீர் மாற்றும்போது அதை மூடி வைப்போம்.

இப்போது சனிக்கிழமை காலையில் என் வேலை இதுதான். பீப்பாயின் வெப்பமானியைப் பார்ப்பேன். தொட்டியின் வெப்பமானியைப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தொடங்கமாட்டேன். தொட்டியின் வெப்பமூட்டியை அணைப்பேன், பழைய தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடுவேன், பம்பை முடுக்குவேன், தண்ணீர் நிறைந்ததும் வெப்பமூட்டியை மீண்டும் முடுக்குவேன். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தொட்டியின் அருகே ஓர் அட்டையில் தேதி, இரண்டு வெப்பநிலைகள், 'வெப்பமூட்டி முடுக்கப்பட்டது' என்று மூன்று கட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அதை நிரப்புகிறேன். பள்ளி முகாமுக்கு நான் போயிருந்த வாரத்தில் தங்கை அதை நிரப்பியிருந்தாள். எட்டு வயதுச் சிறுமிக்கும் அந்த வேலை எளிதாகிவிட்டது.

எஞ்சிய மூன்று மீன்களும் வளர்ந்தன. ஓராண்டுக்குப் பிறகு அவற்றில் இரண்டு எப்போதும் சேர்ந்தே நீந்தத் தொடங்கின. டிஸ்கஸ் மீன்கள் செங்குத்தான பரப்பில் முட்டையிடும். அதற்காகக் கூம்பு வடிவ மண்சட்டி ஒன்றைத் தொட்டிக்குள் வைத்தேன். அவை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாலைப் பொழுதில், தண்ணீர் வரும் அந்தச் சாம்பல் நிறக் குழாயை இரண்டும் வாயால் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மறுநாள் அதன்மேல் மணிமணியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. முதல் முறை முட்டைகள் வெளுத்து வீணாயின. இரண்டாம் முறை மீன்களே தின்றுவிட்டன. மூன்றாம் முறை ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் வெளிவந்து, சில நாள்களில் தாய் தந்தையின் உடலை மொய்த்துக்கொண்டன. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் உணவு பெற்றோரின் தோலில் சுரக்கும் கொழகொழப்பான நீர்தான்.

தாத்தா நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் விரலை வைத்துக் குஞ்சுகளை எண்ணினார். எண்ணிக்கை தவறித் தவறி மீண்டும் தொடங்கினார். நான் அருகில் போய் நின்றேன்.

"அந்த இரண்டு மீன்களும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், தாத்தா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருந்திருக்கும்" என்றார். பிறகு, "இன்றைக்குச் சூடு எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார்.

"29 பாகை, தாத்தா" என்றேன். வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.